பழுத்த படகு

‘தெரியாது’ என்ற சொல்லை நான் முதன்முதலாகச் சொன்னது என் அறுபத்திரண்டாவது வயதில். அதற்கு என் மாப்பிள்ளை தண்ணீருக்குள் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

படித்தது மூன்றாம் வகுப்பு. அதனால் என்ன? கம்பத்திலிருந்து தேனி வரை பலாப்பழ வியாபாரத்தில் என் காதுக்கு இணையான காது கிடையாது (இப்போதும் கிடையாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்). பழத்தை அறுக்க வேண்டாம், மோந்து பார்க்க வேண்டாம். விரல் முட்டியால் ஒரு தட்டு. டங் என்றால் காய். பொத் என்றால் பழம். வீடு கட்டியதும், மகள் செல்விக்குக் கல்யாணம் செய்ததும் இந்த விரல்தான்.

செல்வியின் கணவன் முருகேசன் திருப்பூரில் வேலை போய், செல்வியையும் பள்ளிக்கூடம் போகிற மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தான். அதிர்ந்து பேசாத பிள்ளை. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டான். எங்கள் ஊர்க் கண்மாயில் அவனுக்கு மீன் குத்தகை எடுத்துக் கொடுத்தேன். வலை போட ஒச்சப்பனின் பரிசல் இருந்தது. ஆனால் என் மாப்பிள்ளை பரிசலில் சுற்றுவதா? இன்ஜின் வைத்த பைபர் படகுதான் என்று முடிவு செய்தேன். அவனுக்கு நீச்சல் தெரியாது. படகு நன்றாக இருந்தால் நீச்சல் எதற்கு என்று வேறு கேட்டேன்.

குமுளிக்கு அப்பால் பழைய படகு இரண்டு விலைக்கு இருப்பதாகத் தகவல் வந்தது. முருகேசன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “மாமா, தொண்டியில எனக்குத் தெரிஞ்ச படகு மேஸ்திரி ஒருத்தவுக இருக்காக. ஒரு நா பொறுத்தா வந்து பாத்துருவாக.”

“மாமன் காது இருக்கையில மேஸ்திரி எதுக்கு மாப்ள?”

முதல் படகு வெளுத்துப் போய்க் கிடந்தது. முன்னால், பக்கவாட்டில், அடியில், பின்னால் என்று தட்டினேன். எங்கும் ஒரே டங். “சுத்தக் காய்” என்று ஒதுக்கினேன்.

இரண்டாவதற்குப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பக்கமெல்லாம் டங். இன்ஜின் மாட்டுகிற பின்பலகையில் மட்டும் பொத். இன்னொரு தட்டு. பொத். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

“மாப்ள, இங்கன வந்து கேளுங்க. எப்பிடிச் சதை பிடிச்சிருக்கு பாருங்க!”

அவனும் குனிந்து தட்டினான். “இந்த எடத்துல மட்டும் ஏன் மாமா வேற மாதிரி கேக்குது?”

“இன்ஜினத் தாங்குற எடமுல்ல? கெட்டியாப் போட்டிருக்கான்.”

விற்கிற மலையாளி என்னைப் பார்த்தான், தென்னை மரத்தைப் பார்த்தான். “படகு நோக்கான் இப்படி ஒரு ஆளு வந்ததே இல்லா, சேட்டா” என்றான். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்துக் கண்மாயில் இறக்கினோம். பாதி ஊர் கரையில் நின்றது. புது இன்ஜின் கழன்று விழுந்துவிடக் கூடாதே என்று அதற்கு ஒரு கயிறு கட்டி, மறுமுனையை நடுப்பலகையில் முடியச் சொன்னவனும் நான்தான். மிச்சக் கயிறு முருகேசனின் காலடியில் சுருண்டு கிடந்தது.

“ஏலே ஒச்சு, ஒன் கூடைய ஓரங்கட்டு! அலையில கவுந்துறப் போற!” என்று பரிசல்காரனைப் பார்த்துக் கத்தினேன். ஊரே சிரித்தது.

முருகேசன் இன்ஜினை முறுக்கினான். படகு மூக்கைத் தூக்கியது. நடுக் கண்மாயில் பின்பலகை இன்ஜினோடு பிய்ந்து தண்ணீருக்குள் போனது. கயிறு அவன் கணுக்காலைச் சுற்றி இறுகி அவனையும் இழுத்தது. ஒரு தடவை கையை உயர்த்தினான். அப்புறம் கை இல்லை.

செல்வி சேலையோடு தண்ணீரில் இறங்கினாள். நான் அசையவில்லை. மாப்பிள்ளைக்குப் போட வாங்கிய மாலை என் கையில் இருந்தது.

ஒச்சப்பன் குதித்தான். இரண்டு முறை வெறுங்கையோடு மேலே வந்தான். மூன்றாவது முறை ஒரு கையில் வலை அறுக்கும் கத்தி, மறு கையில் முருகேசனின் தலைமுடி.

கரையில் போட்டு அமுக்கினார்கள். அவன் தண்ணீரைக் கக்கி இருமுகிறவரை செல்வி அழவில்லை. அதற்குப் பிறகு என் சட்டையைப் பிடித்தாள்.

“பாத்துத்தானப்பா வாங்குனீக? என்னத்தப் பாத்தீக?”

“தெரியாது” என்றேன்.

மறுநாள் இன்ஜினைத் தூக்கியபோது பலகையும் வந்தது. பைபர் தோலுக்குள் மரம் ஊறிய பிண்ணாக்காக இருந்தது. தொண்டி மேஸ்திரி முருகேசனிடம் போனில் சொன்னார்: “எல்லா எடத்துலயும் டங்குன்னு கேக்கணும். பொத்துன்னா உள்ள மரம் ஊறிப்போச்சுன்னு அர்த்தம். ஒங்க மாமனாரு சரியாத்தான் கண்டுபுடிச்சிருக்காக. வாங்கும்போது மாத்தி வாங்கிட்டாக.”

முருகேசன் இன்றும் கயிறு இறுகிய அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். ஒச்சப்பனும் அவனும் பரிசலில் கூட்டாக மீன் பிடிக்கிறார்கள். செல்வி ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. முருகேசன் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

போன வருடம் பேத்திக்கு மாப்பிள்ளை பார்க்கப் போடிக்குப் போனோம். வாசலில் செல்வி திரும்பினாள். “அப்பா, நீங்க கார்லயே இருங்க.” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முருகேசன்தான் கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

“வாங்க மாமா. கைய மட்டும் கட்டிக்கிருங்க.”

கட்டிக்கொண்டு போனேன். பையனின் அப்பா எழுந்து நின்று, “பெரியவுக எம்புட்டுப் பணிவா இருக்காக!” என்றார்.

சம்பந்தம் அமைந்தது. கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகுதான் என் கையை அவிழ்த்தேன்.