வானம் நீலமா, பச்சையா?

இன்றைக்கு எப்படியும் மனைவியின் கண்ணைத் திறந்துவிடுவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். ஊரில் பாதிப் பேரின் கண்ணைத் திறந்துவைத்தவர் அவர். கடைத்தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை. லென்ஸை மாற்றி மாற்றி மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே தலை நரைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் "ஆஹா, இப்ப நல்லா தெரியுது" என்று தலையாட்டுகிற ஆசாமிகளுக்கு ஒரு வைத்தியமும் கைவசம் உண்டு. மாட்டிய லென்ஸைக் கழற்றி, அதையே திரும்ப மாட்டுவார். "அடடா, முன்னைக்கு இது பிரமாதம்!" என்பார் ஆசாமி. அதைச் சாப்பாட்டு மேஜையில் நடித்துக்காட்டிப் புரையேறச் சிரிப்பார். மனைவி தண்ணீரை நகர்த்தி வைப்பாள்.

கடையில் இவ்வளவு கெட்டிக்காரர். வீட்டில்தான் அவர் பருப்பு வேகவில்லை.

காரணம் ஒரு பழைய விண்வெளிப் படம். விண்கலத்தில் போன கேப்டன் நூறு வருஷம் கழித்துத் திரும்பி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டுவான். அவ்வளவுதான் கதை. தியேட்டரில் ஓடிய பதிப்பில் கதவு திறக்கும். பின்னால் இயக்குநர் தன் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிய பதிப்பில் திறக்காது. டிவிக்காகச் சுருக்கியதில் கேப்டன் வீடு வந்தே சேரமாட்டான். விளம்பரத்துக்கு இடம் விட்டு நடு வானத்தில் நின்றுவிடுவான். வீடியோ கேசட், சிடி, டிவிடி, ப்ளூரே என்று அந்தப் படம் எத்தனை சட்டை மாற்றியதோ அத்தனையும் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஆள் என்னவோ ஒரே ஆள்தான்.

மனைவிக்கு ஜன்னல் திரை தைக்கும் தொழில். கை சுத்தம் என்று பேர் வாங்கி, வேலை குவிந்துவிட்டது. துணி வைக்க இடமில்லை. கட்டிலில் துணி, நாற்காலியில் துணி, ஃப்ரிட்ஜ் தலையில் துணி. போன வாரம் கண்ணாடிக்காரர் ஒரு வெல்வெட் சுருளை மெத்தை என்று நினைத்து உட்கார்ந்து, நாள் பூராவும் திட்டு வாங்கினார். அவள் கேட்டதெல்லாம் அந்த அலமாரி. அந்த நேரம் பார்த்துக் கூரியரில் புதுப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது.

"ஏங்க, இது என்ன?"

"மெருகேத்தின பதிப்பு. இப்பதான் வெளியாச்சு."

"அதே படமா?"

"அதே படம்னு வாய்கூசாம சொல்றியே! பழசுல வானம் நீலம். இதுல பச்சை. நெட்ல ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கிறாங்க, தெரியுமா?"

"நீங்க எந்தக் கட்சி?"

"நீலக் கட்சி."

"அப்ப பச்சையை எதுக்கு வாங்கினீங்க?"

"எதிர்க்கட்சி என்ன பண்றான்னு தெரிய வேண்டாமா?" என்று சமாளித்தார்.

"ஒண்ணை வச்சுக்குங்க. மத்ததை யாருக்காவது குடுங்க. எனக்குத் துணி வைக்கணும்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து நின்றார். இதற்காகத்தான் காலையிலேயே முடிவெடுத்து வைத்திருந்தார்.

"எந்த சீனை வேணா போடு. பார்த்த உடனே எந்தப் பதிப்புன்னு சொல்றேன். சொல்லிட்டா, அலமாரிப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

"தப்பாச் சொன்னா?"

"அலமாரி உனக்கு. நானே காலி பண்ணித் தர்றேன்."

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே யோசித்தாள். "கதவு தட்டற சீன் வேண்டாம். அதை நானே சொல்லிடுவேன். கேப்டன் தனியா உக்காந்து டீ குடிப்பானே, அது எல்லாத்துலயும் இருக்கு இல்ல?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"நானும் இந்த வீட்லதாங்க இருக்கேன்."

ஜன்னல்களுக்குத் திரை இழுத்தாயிற்று. மூன்று டிஸ்க் என்று ஒப்பந்தம். கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பெட்டி திறக்கும் சத்தம், பிளேயரின் தட்டு வெளியே வந்து உள்ளே போகும் சத்தம். "திரும்புங்க" என்றாள்.

கேப்டன் டீ குடித்தான்.

"தியேட்டர் பதிப்பு! முகத்துல ஒரு சிவப்பு பாரு. பழைய ஃபிலிமோட குணம் அது."

மறுபடி சுவர். மறுபடி சத்தம். மறுபடி டீ.

"இது இயக்குநரோடது. கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன். அந்த மௌனத்தைக் கேளு. அதுல கேப்டன் சும்மா டீ குடிச்சான். இதுல தனிமையைக் குடிக்கிறான்."

"ஓ! அடுத்தது?"

மூன்றாவது டீயைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் துள்ளிவிட்டார். "பச்சை! ஜன்னல் பச்சை, வானம் பச்சை, டம்ளர்கூடப் பச்சை! படுபாவிங்க, படத்தையே கெடுத்துட்டாங்க. இப்ப உனக்கே தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க" என்றாள் மனைவி. புதுப் பெட்டியை எடுத்து அவர் மடியில் வைத்தாள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் காகிதம்கூட இன்னும் பிரியவில்லை.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப... உள்ள இருக்கறது?"

"முதல்ல போட்டேனே, அதேதான். தட்டைத் திறந்தேன், மூடினேன். மாத்தலை."

"இந்தத் திருட்டுத்தனத்தை எங்க கத்துக்கிட்டே?"

"சாப்பாட்டு மேஜையில."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை ஆசாமிகளை நினைத்துச் சிரித்திருப்பார்! அத்தனை பேரும் கூடத்தில் வந்து வரிசையாக நிற்பதுபோல் இருந்தது. மெல்லக் கேட்டார்: "அது எந்தப் பதிப்பு?"

"தியேட்டர்ல ஓடினது. கதவு திறக்கும் இல்ல, அது."

"முதல்ல சொன்னது சரிதானே!" கொஞ்சம் உயிர் வந்தது. "ஏன் அதை எடுத்தே?"

"எனக்கு அதுதான் பிடிக்கும். நூறு வருஷம் கழிச்சு வந்து பாவமா நிக்கிறான். திறக்காம இருக்க மனசு வருமா? நல்லாத் திட்டறதுக்காவது கதவைத் திறக்கணும் இல்லையா?"

இத்தனை காலம் நெட்டில் இவ்வளவு பேரோடு மல்லுக்கட்டியிருக்கிறார். ஒருவனும் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தன் வீட்டிலேயே அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்த ஆள் ஒருத்தி இருந்தாள், இத்தனை நாளில் ஒருதரம்கூடப் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அலமாரியை அவரே காலி செய்தார். அடித்தட்டை மட்டும் அவருக்கே விட்டுக்கொடுத்தாள்.

மறுநாள் காலை அலமாரிக் கண்ணாடிக்கு உள்பக்கம் திரை போடலாம் என்று இரண்டு துணிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இது நல்லாருக்கா, அது நல்லாருக்கா?"

கண்ணாடிக்காரர் சிரித்தார். ஒருதரம் சூடுபட்டது போதாதா? துணிகளைப் பார்ப்பதுபோல் பாவனைகூடச் செய்யவில்லை.

"போதும்மா. ரெண்டும் ஒண்ணுதான். இனி என்னை ஏமாத்த முடியாது."

மனைவி துணிகளைக் கீழே வைத்துவிட்டு, அவர் முகத்துக் கண்ணாடியைக் கழற்றி, தன் முந்தானையால் நன்றாகத் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டாள்.

"ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சைங்க."