எண்பத்திரண்டு லட்சத்துக் காரை ஒன்பதுக்கு வாங்கிய அத்தான் எழுதுவது

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அவ்விடம் தாங்களும், தங்கள் மனைவி மக்களும், தாங்கள் வைத்தியம் பார்க்கும் மாடு, ஆடு, குதிரை முதலிய ஜீவன்களும் சுகமாக இருக்க விரும்புகிறேன். இவ்விடம் நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. தங்கள் அக்கா சுகம். என்னைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை. இன்றோடு பத்தொன்பது நாட்களாகத் தங்கள் அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த அறையில் இருப்பவளிடம் சொல்ல வேண்டியதை, இருநூறு மைல் தள்ளி இருக்கும் தங்களுக்குத் தபாலில் எழுதுகிறேன் என்றால் என் நிலைமையைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். போனில் பேசினால் இந்த வீட்டில் எல்லா அறைக்கும் கேட்கும்.

நான் முப்பத்தோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கார் மதிப்பீட்டாளனாக இருந்தது தாங்கள் அறிந்ததே. மறக்க நான் விட்டால்தானே! அடிபட்ட காரைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, இன்றைக்கு இது என்ன பெறும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. ரப்பர், பிளாஸ்டிக் என்றால் பாதி. இரும்பு என்றால் வயதுக்குத் தகுந்தாற்போல. ஷோரூம் வாசலைத் தாண்டிய மறு நிமிடமே கார் பழையது. ஆசை ஆசையாய் வாங்கினேன் சார் என்று என் முன்னால் அழுதவர்கள் உண்டு. ஆசைக்குத் தனிக் கட்டம் எங்கள் படிவத்தில் கிடையாது என்று பதில் சொல்லியிருக்கிறேன். தங்கள் காரை லாரி இடித்தபோதும் நான்தான் வந்தேன். பம்பர் பிளாஸ்டிக், பாதி என்று எழுதினேன். எழுதினதோடு நிறுத்தினேனா? சாப்பிடும்போது எல்லார் முன்னாலும், "இந்த வண்டிக்கு இதுவே ஜாஸ்தி" என்று சொல்லிச் சிரித்தேன். தாங்கள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பதினோரு வருடம் கழித்து அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். சுயநலம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஆனாலும் கேட்கிறேன்.

ரிட்டயர் ஆகி இரண்டு வருடமாகச் சும்மா இருந்தவன், போன மாதம் பழைய கார் வியாபாரி ஒருவனின் கடைப் பக்கம் சும்மாதான் போனேன். அங்கே அது நின்றது. பெயரைச் சொன்னால் பெருமூச்சு விடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. கறுப்பு நிறம். உள்ளே முழுக்கத் தோல் சீட். கதவைப் பாதி சாத்தினால் மீதியைத் தானே இழுத்துச் சாத்திக்கொள்ளும். புதிதாக வாங்கியபோது எண்பத்திரண்டு லட்சம். வயது ஒன்பது. இப்போது ஒன்பது லட்சம். எழுபத்துமூன்று லட்சத்தை முதலில் வாங்கின எவனோ ஒரு புண்ணியவான் தொலைத்துவிட்டுப் போயிருக்கிறான், இனிமேல் தேய இதில் என்ன மிச்சம் இருக்கிறது என்று என் மூளை வேலை செய்தது. நான் நாலு தடவை சுற்றி வந்தேன். வியாபாரி ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாவது சுற்றில், "சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றான். மாப்பிள்ளை, அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். ரிட்டயர் ஆன நாளிலிருந்து என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றக்கூட எனக்குத் தெரியாது என்றுதான் பேச்சு.

கையில் இருந்தது ஏழரை. ஒன்றரை குறைந்தது. இங்கேதான் நான் செய்த காரியம் வருகிறது, இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. உன் அக்காவின் சின்னக் காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். ஆர்.சி. புத்தகத்தில் என் பேர்தானே இருந்தது. பதினாலு வருஷ வண்டி. வியாபாரி, "ரெண்டு போட்டுக்கலாம் சார்" என்று சொன்னான். கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் இல்லையா? நான் அவன் பேனாவையே வாங்கி, வருஷாவருஷம் கழித்துக் காட்டி, "முறைப்படி பார்த்தால் ஒன்றரைக்கு மேல் வராது" என்று வாதாடி ஜெயித்துவிட்டு வந்தேன். அவன் என்னைப் பார்த்த பார்வை அப்போது மரியாதையாகத் தெரிந்தது.

அந்தக் கார் அவளுக்கு என்னன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்தோரு வயசில், ஊரே சிரிக்க, வண்டி ஓட்டக் கத்துக்கிட்டவ. காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, நடக்க முடியாத வயசானவங்க வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில வெச்சு, எட்டரைக்குள்ள தன் லேபுக்குக் கொண்டுவந்து சேர்ப்பா. அந்தப் பெட்டிக்குன்னு முன் சீட்டுல பெல்ட் போட்டு வெச்சிருந்தா. என்னைப் பின் சீட்டுலதான் உட்கார வைப்பா. அவ லேபு ஓடினதே அந்தச் சின்ன வண்டியாலதான். அதை நான் கேட்காமக் கொடுத்துட்டு, இனிமே நீ எண்பத்திரண்டு லட்சத்துக் கார்ல போய் ரத்தம் எடுக்கலாம்னு வாசல்ல ஹாரன் அடிச்சேன்.

அவ வந்து பார்த்தா. "என் வண்டி எங்க?"ன்னா. சொன்னேன். "எவ்வளவுக்கு?"ன்னா. அதையும் சொன்னேன், முட்டாள், அவன் ரெண்டு சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன், நியாயமா நடந்துக்கிட்டேன்னு அவ மெச்சிக்குவான்னு நெனச்சு. அவ அந்தக் காரை ஒரு தடவை சுத்தி வந்தா. அப்புறம், "என்னையும் இந்தக் கணக்குலதான் வெச்சிருப்பீங்க. எனக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?"ன்னு கேட்டா. இந்தக் கேள்விக்கு உலகத்துல எந்தப் புருஷனா இருந்தாலும் உடனே எதையாவது உளறியிருப்பான். நான் பேசாம நின்னேன். ரெண்டு செகண்ட், இல்ல மூணு. அவ என் முகத்தையே பார்த்துட்டு, "கணக்குப் போடறீங்க"ன்னுட்டு உள்ள போயிட்டா. அதுதான் கடைசியாப் பேசினது.

மாப்பிள்ளை, உங்கிட்ட மட்டும் சொல்றேன். போட்டேன். முப்பத்தோரு வருஷப் பழக்கம், கேள்வி கேட்டா மனசு தானா ஓடுது. ஆனா முதல் வரியிலயே மாட்டிக்கிட்டேன். எந்தக் கணக்கா இருந்தாலும் முதல் கட்டத்துல வாங்கின விலையை எழுதணும். அதை என்னன்னு எழுதறது? அதுக்கு மேல எனக்கு நகரத் தெரியலை. இதை அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருந்தா இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. அவமானமா இருக்கு, மாப்பிள்ளை. கண்ணாடியில முகம் பார்த்துச் சவரம் பண்ணவே கூச்சமா இருக்கு.

கார் கதையைக் கேளு. எங்க போர்ட்டிகோவுல அது பாதிதான் நுழையும். மீதி தெருவுல நீட்டிக்கிட்டு நிக்கும். கேட்டைச் சாத்த முடியாமக் கயிறு போட்டுக் கட்டினேன். தெருவுல அதுக்கு ‘ஜமீன்தார்’னு பேர் வெச்சுட்டாங்க. குழாய் ரிப்பேருக்கு வசூல் பண்ண வந்தவர், எல்லார்கிட்டயும் வாங்கினதைவிட என்கிட்ட மூணு மடங்கு கேட்டு, "உங்களுக்கென்ன சார்"ன்னார். மூணாம் நாள் கடைத்தெரு நடுவுல ஜமீன்தார் உட்கார்ந்துட்டார். மாடு முன்னங்காலை மடிச்சுப் படுக்கும், உனக்குத் தெரியும். இது பின்பக்கமா, புஸ்ஸுனு மூச்சு விட்டுக்கிட்டே மெதுவா இறங்கிச்சு. சக்கரத்துக்கு மேல ஸ்பிரிங்குக்குப் பதிலாக் காத்துப் பை வெச்சிருக்கானாம், அது ஓட்டையாம். மெக்கானிக் வந்து பார்த்துட்டு, "ஒரு காலுக்கு ஒன்றரை லட்சம் சார்"ன்னார். வண்டியே ஒன்பதுதானேய்யான்னு கத்தினேன். "வண்டிக்குத்தான் சார் வயசாகும், ஸ்பேர் பார்ட்டுக்கு வயசாகாது. நீங்க வாங்கினது வேணா ஒன்பது லட்சத்து வண்டி. ரிப்பேர் பண்றது எண்பத்திரண்டு லட்சத்து வண்டிதானே"ன்னார். முப்பத்தோரு வருஷம் எத்தனை பேருக்கு நான் வகுப்பு எடுத்திருப்பேன்! அந்த மனுஷன் கையில கிரீஸோட ஒரே நிமிஷத்துல எனக்கு எடுத்துட்டார். ஒரு காலுக்கு ஒன்றரை. உன் அக்கா வண்டி முழுசுக்கும் நான் போட்ட விலை.

காத்தை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த வீட்டுல என்னோட பேசற ஒரே ஆள் அந்தக் கார்தான். அதுவும் ஸ்டார்ட் பண்ணினதும் எனக்குப் புரியாத ஏதோ பாஷையில திட்டும். அதுக்கு மறுநாள் காலையில பஸ் ஸ்டாப்புல உன் அக்கா ஐஸ் பெட்டியோட நின்னா. நான் பக்கத்துல போய் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஏறிக்கோ"ன்னேன். அவ பஸ் நம்பர் எழுதியிருக்கிற பலகையையே படிச்சுக்கிட்டிருந்தா. பஸ் வந்தது. ஏறும்போது பெட்டி கதவுல மாட்டிக்கிச்சு. யாரோ முன்பின் தெரியாதவர் இறங்கி, பிடிச்சு ஏத்திவிட்டார். நான் தோல் சீட்டுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். இறங்கி ஓடணும்னு தோணறதுக்குள்ள பஸ் போயிடுச்சு. 

அதனால் போன திங்கட்கிழமை ஜமீன்தாரை அதே வியாபாரியிடம் கொண்டுபோய் விற்றுத் தலை முழுகிவிட்டேன். இரண்டரை கொடுத்தான். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆறரை போச்சே என்று கேட்டதற்கு, "சார், உங்களுக்குத் தெரியாததா?" என்றான். சின்னக் காரைக் கேட்டேன். அதை மூணாம் நாளே ஒரு ரொட்டிக்கடைக்காரருக்கு மூன்றுக்கு விற்றுவிட்டானாம். ரொட்டிக்கடைக்கு மூன்று தடவை நடந்துவிட்டேன். அவர் பிடிவாதமாகத் தர மாட்டேன் என்கிறார்.

தாங்கள் எனக்குச் செய்ய வேண்டிய உதவி ஒன்றுதான். அக்காவுக்குப் போன் போட்டு, அவர் திருந்திவிட்டார், காரை விற்றுவிட்டார், உன் வண்டிக்காக அலைகிறார், ஒரு வார்த்தை பேசு என்று சொல்ல வேண்டும். நான் எழுதினதாகச் சொல்ல வேண்டாம். தாங்கள் சொன்னால் கேட்பாள். அவள் என்னைத் திட்டினாலும் போதும். இருபத்தெட்டு வருஷத்தில் இவ்வளவு அமைதியாக இந்த வீடு இருந்ததே இல்லை, மாப்பிள்ளை, எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் இல்லாளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி, தங்கள் பழைய காரின் பம்பருக்கும் என் வணக்கம். குடும்பத்தோடு நீடூழி நிறைவாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து,
அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதறேன். தபால்ல போட வேண்டியதையெல்லாம் என் ரத்தம் எடுக்கிற பையோட சைடு பாக்கெட்டுல வைக்கிறது இவர் பழக்கம். இருபத்தெட்டு வருஷமா நான்தான் தபால்காரி. என்கிட்ட சொல்லாதேன்னு எழுதின கடிதத்தையும் அதே பாக்கெட்டுலதான் வெச்சிருக்கார். கவரை ஒட்டலை, படிச்சேன். ஒட்டியிருந்தாலும் படிச்சிருப்பேன்.

காரை அவர் விக்கலை. பின் தெருவுல, வேப்ப மரத்தடியில, தார்ப்பாய் போட்டு மூடி நிக்குது. அந்த மரத்துக்கு எதிர்த்த வீட்டு மாடியில ஒரு அம்மாவுக்கு வாரம் ரெண்டு தடவை சர்க்கரை பார்க்கப் போறேன், ஜன்னல்ல நின்னா நல்லாத் தெரியுது. சாயங்காலம் வாக்கிங் போறேன்னு கிளம்பறவர், தார்ப்பாயைத் தூக்கிட்டு உள்ள போய் அரை மணி நேரம் உட்கார்ந்துட்டு வர்றார். என் வண்டியும் என்கிட்டதான் இருக்கு. வியாபாரிகிட்ட விசாரிச்சு நான் போய்க் கேட்டதும், ரொட்டிக்கடைக்காரர் போன வாரமே குடுத்துட்டார், வாங்கின விலைக்கே. வீட்டுக்காரர் வந்தா தர மாட்டேன்னு சொல்லுங்கன்னு நான்தான் சொல்லி வெச்சேன். கையில பெட்டியோட பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து, முனை திரும்பினதும் அங்க நிறுத்தி வெச்சிருக்கிற என் வண்டியில ஏறிடுவேன்.

வாங்கின விலை என்னன்னு எழுதத் தெரியலைன்னு எழுதியிருக்காரே, அதைப் படிச்சுட்டு நீ கண் கலங்கிடாதே. பில்லு தொலைஞ்சுபோன ஃப்ரிட்ஜுக்கும் அவர் இதையேதான் சொன்னார். ஆனாலும் படிச்சுட்டு நான் கொஞ்ச நேரம் பையை மடியில வெச்சுக்கிட்டு வண்டியிலயே உட்கார்ந்திருந்தேன். முதல் ஆளு வீட்டுக்கு லேட்டாயிடுச்சு.

இன்னைக்குச் சாயங்காலம் பேசிடலாம்னு இருக்கேன். பத்தொன்பது நாள் கழிச்சு முதல் வார்த்தை என்ன பேசறதுன்னு தெரியாமத்தான் இருந்தேன். காலையில அந்த அம்மாவுக்கு ஊசி குத்தும்போது வெளியில பெரிசா ஒரு சத்தம் கேட்டது. "ஏங்க, உங்க கார் மேல மரக்கிளை விழுந்திருக்கு"ன்னு சொல்லப் போறேன்.