இயக்குநர் உரிமம்

"மூணரை டன்னுக்கு மேல போனா உரிமம் வேணுமாம். வாங்கறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருக்கக் கூடாதா?" என்று மனைவி கேட்டபோது, கண்ணாடிக்காரர் புது வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் கண்ணாடி போட்டவர் அல்லர். ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். வண்டி ஐந்து டன். மச்சான் வைத்திருப்பது மூன்று டன். இரண்டுக்கும் நடுவில் நான்கு வகை வண்டிகள் கடையில் இருந்தன. அவற்றை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"ஆஸ்பத்திரி ஜன்னல் மொத்தமும் நம்ம கைக்கு வந்திருக்கு. ஆளுயரக் கண்ணாடியை அந்தப் பழைய டப்பாவுலயா ஏத்தறது?"

"உரிமம் இல்லன்னா இதுவும் டப்பாதான். நகராத டப்பா."

உரிம அலுவலகத்தின் கடிதம் தெளிவாகவே இருந்தது. பராமரிப்புக்குப் பதிவேடு வேண்டும். வண்டி நிற்கும் இடத்தை இருபத்தோராம் நாள் அதிகாரி வந்து பார்ப்பார். அதற்கு முன் அந்த இடத்தைக் குறிப்பிட்டுச் செய்தித்தாளில் அறிவிப்புத் தர வேண்டும். அந்த நாளுக்குள் தெருவில் ஒருவர் ஆட்சேபித்தாலும் விண்ணப்பம் தள்ளுபடி.

அறிவிப்பைக் கண்ணாடிக்காரர் தம் கைப்படவே எழுதினார். படிவத்தில் இருந்தது 'பாரவண்டி இயக்குநர்'. 'பாரம்' கேட்க நன்றாக இல்லை என்று 'பாரவண்டி'யை அடித்துவிட்டார். 'இயக்குநர்' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொன்னார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுத் தையல்காரர் செய்தித்தாளோடு ஓடி வந்தார்.

"சொல்லவே இல்லையேண்ணே! டைரக்டர் ஆயிட்டீங்களாமே!"

"அது வந்து..."

"வண்டி நிறுத்த இடம்னு போட்டிருக்கு. நடிகருங்க உள்ள உட்கார்ந்து மேக்கப் போடுவாங்களே, அந்த வண்டிதானே?"

மறுக்க வாய் திறந்தார். அதற்குள் எதிர்வீட்டுச் சுவருக்கு மேல் ஒரு தலை எழும்பியது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். காக்கை கரைந்தாலும் மனு எழுதுகிறவர்.

"வெறும் சரக்கு வண்டின்னா இந்நேரம் ஆட்சேபம் எழுதியிருப்பேன். கலைக்காகன்னா தாராளமா நிறுத்துங்க!"

திறந்த வாய் மூடிக்கொண்டது.

"உண்மையைச் சொல்லித் தொலைங்க" என்றாள் மனைவி.

"இருபத்தோரு நாள் போகட்டும். அப்புறம் யாராலயும் ஆட்சேபிக்க முடியாது. நான் என்ன, பொய்யா சொன்னேன்? சும்மாதானே இருக்கேன்!"

சும்மா இருக்கத்தான் தெரு விடவில்லை. நான்காம் நாள் தையல்காரர் கதை கேட்டார். கண்ணாடிக்காரருக்குத் தெரிந்தது ஒரே கதைதான்.

"ஒருத்தன் பெரிய வண்டி வாங்கறான். உரிமத்துக்கு அலையறான். கடைசியில ஒரு அதிகாரி வந்து சோதிக்கிறாரு."

"அடேயப்பா! அதிகாரி வேஷம் யாருக்கு?"

"இன்னும் முடிவாகல."

இந்த ஒரு வார்த்தை போதும். பத்தாம் நாளுக்குள் தெருவில் பாதி ஆண்கள் காக்கிச் சட்டைக்கு மாறியிருந்தார்கள். எல்லோருக்கும் தைத்தது தையல்காரர்தான்.

இந்தத் தொல்லையை ஒழிக்கக் கண்ணாடிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். அதிகாரியாக நடிக்கிறவருக்கு வண்டி விதிகள் அத்தனையும் மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கும்?

தலைமை ஆசிரியருக்கு இருந்தது. மாலைதோறும் தம் வீட்டு முற்றத்தில் வகுப்பே நடத்தினார். தெரு முழுக்க பிரேக்கும் டயருமே பேச்சாகிவிட்டது. காய்கறி வாங்கப் போன மனைவியைக் கடைக்காரர் நிறுத்தி, "அக்கா, மூணரை டன்னுங்கறது வெறும் வண்டி எடையா, சரக்கோட சேர்த்தா?" என்று கேட்டார்.

"சரக்கோட சேர்த்து" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் அடிச்சு விடறது தனி."

இருபத்தோராம் நாள் விடிந்தது. கண்ணாடிக்காரர் சலவைச் சட்டை போட்டு, பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியருகே நின்றார். அதிகாரி வருவதற்குள் வேஷக்காரர்களை விரட்டியாக வேண்டும். ஒருவருக்கு ஒட்டிய மீசை நிற்கவில்லை. ஒருவருக்குக் கோபப்பட வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. இன்னொருவர், தெருவில் பார்த்திராத முகம், கோப்பு துருத்திய கிழிந்த பையும் இருமலுமாக வந்து, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று ஆரம்பித்தார்.

"அதிகாரி தண்ணியா கேப்பாரு? போங்க சார், போங்க." தலைமை ஆசிரியரையும் அதே மூச்சில் அனுப்பிவைத்தார்.

பத்து மணிக்கு ஆறடி உயரத்தில் ஒருவர் வந்தார். மடிப்புக் கலையாத காக்கி, கையில் கோப்பு, பார்வையில் அதிகாரம். இதுவல்லவோ அதிகாரி! கண்ணாடிக்காரரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"மொத்த எடை?"

"சரக்கோட அஞ்சு டன் சார்."

"டயர் தேய்மானம்?"

"தினமும் அளந்து எழுதறேன் சார்."

அதிகாரி பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். குண்டு குண்டான எழுத்து; ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. வண்டிக்கடியில் குனிந்து பார்த்தார். வாசல் அகலத்தைக் காலடியால் அளந்தார்.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு பதிவேட்டைப் பார்த்ததில்ல. உரிமம் உங்களுக்குத்தான்!"

கதவோரம் நின்ற மனைவிக்கே கண் கலங்கிவிட்டது. "என்னமோன்னு நினைச்சேன். சாதிச்சுட்டீங்க" என்றாள், கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக.

கண்ணாடிக்காரர் வண்டிப் படியில் ஏறி நின்றார். தெரு முழுக்கத் தலைகள். இனி எவரும் ஆட்சேபிக்க முடியாது. உண்மையை உரக்கச் சொல்லிவிடலாம். தொண்டையைச் செருமினார்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பவ்வியமாக நெருங்கி வந்தார்.

"நான் தையல்காரருக்குச் சகலை, வெளியூரு. அந்த அதிகாரி வேஷம் எனக்குத்தானே, டைரக்டர் சார்?"