காபி மிஷினில் கடுகு

ஜாதவ்பூர்,
கொல்கத்தா.

சிரஞ்சீவி வருணுக்குப் பெரியப்பா வெங்கடநாராயணன் எழுதிக்கொள்வது. நீயும் ஹர்ஷினியும் சகல சௌக்கியங்களோடும் நல்ல காபியோடும் இருக்க ஆசீர்வாதம். இங்கே சௌக்கியம் உண்டு, காபிதான் இல்லை.

போன மாதம் போனில் கேட்டாய்: “பெரியப்பா, காபிக்கொட்டை அரைக்க எந்த மாதிரி மிஷின் வேணும்?” ஒரு மணி நேரம் விளக்கினேன். இரண்டு பற்சக்கரங்களுக்கு நடுவே கொட்டை நொறுங்க வேண்டும், கையால் சுற்றுவதே போதும் என்றேன். நீயும் ‘ம்’ போட்டாய். நீ அனுப்பி வந்திருப்பதோ பிளேடு மிஷின்! அது கொட்டையை அரைக்கவில்லையப்பா, அடித்துத் துரத்துகிறது. பாதி மாவு, பாதி குருணை. எட்டாம் வகுப்புப் பையன்களையும் எல்.கே.ஜி. குழந்தைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே பரீட்சை வைத்தால் என்ன ஆகும்? அதேதான். மாவு அடிஷனல் பேப்பர் வாங்கிக் கசப்பை எழுதித் தள்ளுகிறது. குருணை வெறும் பேப்பரை நீட்டுகிறது.

முதல் நாள் மாவு ஃபில்டரை அடைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் ஏழு சொட்டு இறங்கியது. மறுநாள் குறைவாக அரைத்தேன், மழைத் தண்ணீராக ஓடிவிட்டது. மூன்றாம் நாள் ஊருக்கே அண்ணியான எதிர்வீட்டு ஸ்மிதா பௌதி “மாஸ்டர்மொஷாய்” என்று இந்த வாத்தியாரைத் தேனாகக் கூப்பிட்டு, இலிஷ் மீனுக்குக் கடுகு அரைக்க மிஷினை வாங்கிப் போனாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வருமா? கழுவித்தான் கொடுத்தாள். ஆனாலும் மறுநாள் காபி மூக்கில் ஏறியது. உன் பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினாள். “இதுல மீன் ஒண்ணுதான் பாக்கி, போங்கோ!” நாற்பத்தொரு வருஷமாக என்னோடு உட்கார்ந்து காபி குடித்தவள், இப்போது டீக்குப் போய்விட்டாளடா. அதுவும் பௌதி வீட்டில்! நான் மட்டும் தனியாக உட்கார்ந்து என்னத்தைக் குடிப்பேன்? மிஷினை நீ திருப்பி எடுத்துக்கொள். என் ஜெயலக்ஷ்மியைத் திருப்பிக் கொடு.

கோபத்திலும் குறையாத ஆசியுடன்,
பெரியப்பா

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடு. உன் விலாசம் பார்க்க மிஷின் வந்த பெட்டியைக் குடைந்தேன். அடியில் உன் சீட்டு: ‘இது பெரியம்மாவின் மிளகாய்ப்பொடிக்கு. காபி மிஷின் தனிப் பார்சலில் வருகிறது.’ அந்தப் பார்சல் ஐந்து நாளாகக் கீழே வாசல் காக்கும் தர்வானின் அறையில் கிடந்திருக்கிறது. சீட்டைப் பெரியம்மாவிடம் நீட்டினேன். “உங்ககிட்ட படிச்சவா பாஸ் பண்ணினதே ஆச்சரியம்!” என்றாள். ஆனால் புது மிஷினில் அரைத்துப் போட்டதும் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தாள். நீயும் அரைக்கும்போது ஒரு சிட்டிகைப் பொடியை இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார். தூள் உப்பு மாதிரி நெருட வேண்டும்.