அண்ணி குளிச்சா மட்டும் அணையுற கீசர்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. விழுப்புரத்துலேர்ந்து வந்திருந்த என் நாத்தனாரைச் சுடுதண்ணியில குளிக்க வெச்சு, திருவக்கரை கோயிலுக்குக் கூட்டிக்கினு போகணும்.

எங்க வீட்டுல சுடுதண்ணின்னா கேஸ் கீசர்தான். பாத்ரூம் செவுத்துல மாட்டியிருக்கு. பைப்பைத் தொறந்தா தானா பத்திக்கும், மூடுனா அணைஞ்சிரும். திண்டிவனத்துல எங்க தெருவுல மொதல்ல வாங்குனது நான்தான்னு ஒரு திமிரு வேற.

அண்ணி, அதான் எங்க வீட்டுக்காரரோட அக்கா, உள்ள போயி கதவைச் சாத்துனாங்க. கொஞ்ச நேரம்தான்.

"ஏ செல்வி, தண்ணி ஜில்லுனு வருது."

"பைப்பை மூடிட்டுத் தொறங்க அண்ணி."

பத்திக்கிச்சு. மறுபடி அணைஞ்சிது. மூடித் தொறந்தாங்க. மறுபடி அதே கதை.

அண்ணி தலை முழுக்க ஷாம்பு நுரையோட, நைட்டியை மாட்டிக்கினு வெளிய வந்து நின்னாங்க. நான் உள்ள போனேன். கதவு விரியத் தொறந்து கெடந்துது. பைப்பைத் திருப்புனேன். ஜம்முனு எரிஞ்சிது. அணையவே இல்ல.

"நல்லாத்தானே எரியுது?"

அண்ணி உள்ள போனாங்க, கதவைச் சாத்துனாங்க, அணைஞ்சிது.

பேட்டரி வீக்குன்னேன். எங்க வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கினு போயி புது பேட்டரி வாங்கியாந்தார். மாட்டிப் பாத்தேன், எரிஞ்சிது. அண்ணி போனாங்க, அணைஞ்சிது.

கேஸ் வரலன்னேன். அடுப்புல பாதி வெந்த பொங்கலை அப்படியே வுட்டுட்டு, அந்த சிலிண்டரைக் கழட்டியாந்து இதுல மாட்டுனோம். நான் பாத்தப்ப எரிஞ்சிது. அண்ணி போனதும் அணைஞ்சிது.

"மெக்கானிக்கைக் கூப்புடலாமா?"ன்னார் இவர், பயந்துக்கினே.

"எதுக்கு? நான்தான் வீடியோ பாத்திருக்கேன்ல."

உண்மைதான், பாத்திருந்தேன். அதுல ஒருத்தர் கீசரைத் துணியால தொடைச்சிக்கினே லைக் போடச் சொன்னார். நானும் போட்டேன். நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான்.

அந்தப் படிப்பை வெச்சுதான் கடைசியா ஒரு முடிவுக்கு வந்தேன். நான் நின்னா எரியுது, அண்ணி நின்னா அணையுது. அப்போ மிஷின் மேல தப்பு இல்ல.

"அண்ணி, நீங்க முரட்டுத்தனமா திருப்புறீங்க. கை ராசின்னு ஒண்ணு இருக்குல்ல. பதமாத் தொறங்க."

சாத்துன கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி பதில் பேசல. ஷாம்பு காஞ்சிபோன கோவம்னு நெனச்சேன். "மூடுங்க, தொறங்க, மூடுங்க, தொறங்க"ன்னு வெளியிலேர்ந்து ட்ரில் மாஸ்டர் மாதிரி சொல்லிக்கினே இருந்தேன்.

கதவு தொறந்துது. அண்ணி செவுத்தைப் புடிச்சிக்கினு நின்னாங்க.

"தலை கிர்ருங்குது செல்வி. வாந்தி வர மாதிரி இருக்கு."

அப்பதான் எனக்குப் பயம் வந்துது. இவர் கேஸை மூடிட்டு அக்காவை வாசல்ல கொண்டுபோயி காத்தாட உக்கார வெச்சார். கையோட கீசர் வாங்குன கடைக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சார். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி.

"பாத்ரூம் வெண்டிலேட்டர் தொறந்துதானே இருக்கு?"

இவர் என்னைப் பாத்தார். போன மாசம் கொசு வருதுன்னு அதை அட்டை வெச்சு அடைச்சு, இண்டு இடுக்கு இல்லாம டேப் ஒட்டுனது நான்தான்.

"மூடி இருந்தா காத்து பத்தாதுங்க. விஷப் புகை சேந்துரும், ஆள் போயிரும். அதனாலதான் கீசர் தானா அணையுது. அணைஞ்சா வுட்டுருங்க, மறுபடி பத்த வெக்காதீங்க."

ஒரு தகர டப்பா என் நாத்தனார் உயிரைக் காப்பாத்த அத்தனை தடவை அணைஞ்சிருக்கு. வெளிய நின்னு அத்தனை தடவையும் மறுபடி பத்த வெக்கச் சொன்னவ நான்.

டாக்டர்கிட்ட கூட்டிக்கினு ஓடுனோம். நல்ல வேளை, ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டார். அதோட கோயில் பயணம் கேன்சல். டேப்பை உரிச்சு எடுத்தப்ப பாதி பெயிண்ட்டும் கூடவே வந்துது.

அண்ணி சாயந்தரமே விழுப்புரம் போயிட்டாங்க. இப்ப சொந்தக்காரங்க ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, "செல்வி என்னைக் கொல்லப் பாத்தா"ன்னு சொல்லிக்கினு இருக்காங்களாம்.

கல்யாணம் ஆன நாளா என்னைப் பத்தி என்னென்னமோ சொல்லியிருக்காங்க. மறுத்துப் பேச முடியாம நான் நிக்கிறது இதுதான் மொத தடவை.