கடலுக்கே போகாததற்கு ஒரு சாட்சி

கொட்டகலை
3-2-56

ராகலையில் பெண்டு பிள்ளைகளோடும் பசுவோடும் குறைவில்லாமல் வாழும் மச்சான் கந்தப்பன் அவர்களுக்கு, உங்கள் அக்காள் அம்மாக்கண்ணுவின் புருஷன் நல்லமுத்து, சுகிர்தம் டீச்சரின் கையால் எழுதிக்கொள்வது. ஒழுகுகிற கூரையின் கீழ் நாங்கள் நனைந்தபடி சுகமே. உங்கள் கூரையின் சுகத்துக்கு முருகன் துணை.

விஷயம் என்னவென்றால், இம்மாதம் பதினைந்தாம் திகதி எனக்குப் பிரஜாவுரிமை விசாரணை. நான் இந்த நாட்டை விட்டு எங்கும் போகாதவன் என்பதற்கு நீங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். சென்ற மாதம் ஒன்பதாம் திகதி முதல் மூன்று நாளும் வயிற்று வலியோடு உங்கள் வீட்டில் படுத்திருந்தேன் என்று சொன்னால் போதும். பொய்ச்சாட்சி என்று எழுத டீச்சர் மறுக்கிறார், வேதத்தில் தடையாம். ஆகையால் ஞாபகப்படுத்திச் சொல்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்ததைக் கேளுங்கள். முப்பத்தொரு வருஷம் நான் கோக்கியாகச் சமைத்துப் போட்ட பெரிய தொரை தோட்டத்தை விட்டு இறங்கி, கொழும்பிலே ஒரு பாய்க்கப்பலை வாங்கி, அதிலேயே சீமைக்குப் போகப் புறப்பட்டிருந்தார். கப்பல் என்பது பேச்சுக்கு. நம் லயத்து வீட்டுக் காம்பரா இரண்டைச் சேர்த்து வைத்தால் அதைவிடப் பெரிது. நல்லமுத்து இத்தனை வருஷமும் இங்கேயே இருந்தான், எங்கும் போகவில்லை என்று அவர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் விசாரணையில் எனக்கு ஜெயம் என்று ஆபீஸ் கிளாக்கர் சொன்னதால் ரயிலேறிப் போனேன். நான் போய் நின்ற நேரம், கொழும்பில் பிடித்த கோக்கி கப்பலின் அளவைப் பார்த்துவிட்டு ஓடிப்போன நேரம். தொரைக்கு என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லமுத்து, நல்ல டயத்துக்கு வந்தே. கடுதாசி எல்லாம் கப்பல் உள்ளே. முதல்லே தேத்தண்ணி போடு" என்றார். போட்டேன். துறைமுகத்து உத்தியோகத்தர் ஒருவர் காகிதத்தோடு வந்தார், தொரை என்னைக் கைகாட்டினார், அதுதான் என் அத்தாட்சி என்று நினைத்து நானும் பெருவிரலை அழுத்தி வைத்தேன். கயிறு அவிழ்ந்து கரை நகர்ந்த பிறகுதான் சிறில் வாயைத் திறந்தான். சிறில் யாரென்றால் பழைய லொறி டிரைவர். கினிகத்தேனை மலை வளைவில் லொறி ஓட்டினவன் எதையும் ஓட்டுவான் என்று தொரை அவனையும் பிடித்து வைத்திருந்தார்.

"அண்ணே, நீங்க கைநாட்டு வச்சது கப்பல்ல வேலைக்குச் சேர்ந்ததுக்கு."

"அப்ப என் அத்தாட்சி?"

"ஏடன் துறைமுகம் போனதும் ஆற அமர எழுதித் தருவாராம்."

ஆக, கப்பலே ஏறாதவன் என்ற கடுதாசியை வாங்குவதற்காக நான் கப்பலேறிவிட்டேன் மச்சான்.

அந்த இரவு முழுவதும் தொரையே சுக்கானைப் பிடித்தார். நானும் சிறிலும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். விடியற்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்கு எழுப்புகிற மாதிரி என்னை எழுப்பிச் சுக்கானைக் கையில் கொடுத்து, "ஒரு குறி வச்சுக்கோ. அதை விடாதே. நேரே போ" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்ப் படுத்துவிட்டார். சுற்றிப் பார்த்தேன். மூன்று பக்கமும் தண்ணீர், அதில் எதைக் குறியாக வைப்பது? பின்பக்கம் மட்டும் வானத்தின் ஓரத்திலே சிவனொளிபாத மலை தெரிந்தது. பிறந்தது முதல் பார்த்த மலை, அவ்வளவு பெரிய சமுத்திரத்தில் எனக்குத் தெரிந்த முகம் அது ஒன்றுதான். குறி முன்னால் இருந்தால்தானே அதைப் பார்த்துப் போகலாம்? கப்பலைத் திருப்பினேன். பாய் படபடவென்று அடித்தது, ஒரு கட்டை வந்து சிறிலின் மண்டையில் தட்டியது, அப்புறம் காற்றும் சம்மதித்துவிட்டது. எட்டு மணிக்கு மேகம் மலையை மூடியது. மூடினால் என்ன, அது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தொரை சொன்ன சொல் தவறாமல் சாயங்காலம் வரை நேரே போனேன்.

தென்னை மரங்கள் தெரிந்ததும் தொரையை எழுப்பினேன். அவர் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். "மாலைதீவு! ஒரே நாள்லே! நல்லமுத்து, நீ கோக்கி இல்லே, மாலுமி!" என்றார். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் வந்த மீன்காரனிடம் இது எந்த நாடு என்று சிங்களத்தில் கேட்கச் சொன்னார். சிறில் கேட்டான். மீன்காரன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லங்காவ, மாத்தயா" என்றான், இலங்கைதானாம். தொரை தண்ணீர்ப் பீப்பாயின் மேல் உட்கார்ந்தார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

களுத்துறைக்குக் கீழே ஒரு கரையில் இறங்கி, யார் கண்ணிலும் படாமல் பஸ்ஸும் ரயிலும் பிடித்து வந்து சேர்ந்தேன். உங்கள் அக்காள் வாசலிலேயே மறித்தாள்.

"கையெழுத்து எங்க?"

"ஏடன்ல."

"ஏடன் எங்க?"

"தெரியல."

"முதல்ல குளிச்சிட்டு வாங்க. மீன் நாத்தம்."

இப்போது சிக்கல் விளங்குகிறதா? துறைமுகத்துக் காகிதத்தில் நான் வெளிநாடு போனவன். திரும்பி வந்ததற்கு ஒரு காகிதமும் இல்லை. இந்த லயத்திலே பிறந்த என்னைக் கடைவீதியில் வருஷக்கணக்காகக் கள்ளத்தோணி, திருட்டுப் படகேறி வந்தவன் என்று பேசுகிறார்கள், அது அபாண்டம் என்று நானும் சண்டை பிடித்திருக்கிறேன். இனி அந்தச் சண்டைக்கும் வழியில்லை. விசாரணை உத்தியோகத்தர் துறைமுகத்துக் காகிதத்தைப் பார்த்தால் நானும் உங்கள் அக்காளும் எந்த நாட்டுக்கும் ஆகாதவர்கள். ஆகையால் தவறாமல் வாருங்கள். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன், கோபிக்க வேண்டாம். பொன்னையா வழக்கிலே அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னதற்கு, அவன் செத்துச் சவ எடுப்பும் நடந்தது என்று சாட்சி சொன்ன ஆள் நீங்கள். எனக்கு வயிற்று வலி மட்டும் போதும்.

உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும், பசுவுக்கு ஒரு கை புல்லும்.

இப்படிக்கு
நல்லமுத்து (கைநாட்டு)

பின்குறிப்பு: டீச்சர் கவரை ஒட்டுவதற்குள் தபால் வந்துவிட்டது. மச்சான், தயவுசெய்து வராதீர்கள். வந்து வாயைத் திறந்தால் உங்களைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். தொரை என் அத்தாட்சியை எழுதி நேரே விசாரணை ஆபீசுக்கே அனுப்பிவிட்டு, எனக்கு நகல் அனுப்பியிருக்கிறார். டீச்சர் தமிழில் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறேன்: "இந்த நல்லமுத்து முப்பத்தொரு வருஷம் என்னிடம் வேலை பார்த்தான். இலங்கையை விட்டு ஒரு நாளும் போனதில்லை. சென்ற மாதம் ஒன்பதாம் திகதி நானே இவனைக் கப்பலில் ஏற்றி, நல்ல காற்றில், இந்த நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. உங்களால் முடிந்தால் முயன்று பாருங்கள்."