ஆவண அறையில் பத்து நிமிடம்

மறுபடியும் விளக்கு அணைந்தது.

நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த மேலாளர் வெடுக்கென்று கையைத் தூக்கி ஆட்டினார். எரிந்தது. ஆள் அசைந்தால்தான் எரியும். இரண்டு நிமிடம் அசையாவிட்டால் அணைந்துவிடும். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அவரே செய்துவைத்த ஏற்பாடு.

அலுவலகத்தில் அவருக்குச் 'சூறாவளி' என்று பெயர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மேஜையாகப் போய் நின்று, "முடிஞ்சுதா?" என்பார்.

திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "எந்த செக்‌ஷன் நீங்க?" என்றார். சொன்னதும், "ஓ, அது நீங்கதானா!" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

"தினம் பத்து நிமிஷம் ஆடாம அசையாம உட்காருங்க. வாட்ச் கணக்கு வச்சுக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தடவையாவது பத்தைத் தொடலேன்னா ரெண்டு மாசம் கட்டாய லீவு. உங்க சீட்ல வேற ஆளைப் போடச் சொல்லி எழுதிடுவேன்."

இன்று வெள்ளிக்கிழமை. இதுவரை தொட்டது நாலு நிமிடம்.

அவருடைய கண்ணாடி அறையிலிருந்து பார்த்தால், கொஞ்ச நாளாக மூன்று மணிக்கு மேல் வெளியே நாற்காலிகள் மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். ஆட்கள் இருக்க மாட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு எவனால் சும்மா இருக்க முடியும்? அதனால்தான் கீழ்த்தளத்து ஆவண அறைக்கு வந்தார். வரிசை வரிசையாக இரும்பு அலமாரிகள், கூரை வரை கோப்புகள். ஈ காக்கை கிடையாது.

விளக்கு அணைந்தது. இருட்டில் யாரோ மூச்சு விட்டார்கள்.

பதறிக் கையை ஆட்டினார். வெளிச்சத்தில் ஒருவரும் இல்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"இங்க யாரோ மூச்சு விடறாங்கடி."

"அது உங்க மூச்சுதான். இத்தனை வருஷத்துல இப்பத்தான் உங்க காதுல விழுது."

"இல்லடி, நிஜமா..."

"அப்ப மூச்சைப் பிடிச்சுப் பாருங்க. முதல்ல அந்தப் போனை அணைங்க." வைத்துவிட்டாள்.

அணைத்தார். உட்கார்ந்தார். இருட்டு வந்தது. மூச்சைப் பிடித்தார்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

இடது பக்கம் ஒன்று. முதுகுக்குப் பின்னால் இரண்டு. கடைசி வரிசையில் ஒன்று, மூக்கடைப்போடு, லேசாக விசிலடித்தது.

கையைத் தூக்கினால் வெளிச்சம் வரும். வந்தால் எதைப் பார்க்க நேருமோ? கை எழவில்லை. விரலும் எழவில்லை. முதுகில் வியர்வை இறங்கிய வேகம்தான் அவரிடம் மிச்சமிருந்த ஒரே வேகம். பிறந்ததிலிருந்து அவர் இப்படி இருந்ததில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ, மணிக்கட்டில் மெல்ல மணி ஒலித்தது.

"பத்து நிமிடம் முடிந்தது. வாழ்த்துகள்," என்றது வாட்ச்.

"ஸ்ஸ்..!" என்று இருட்டின் நாலு மூலையிலிருந்தும் ஒரே சமயத்தில் சத்தம் வந்தது.

"யா... யாரு?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து தபால் பிரிவு அம்மாவின் குரல் தணிந்து, மரியாதையாக வந்தது.

"கையை மட்டும் ஆட்டிடாதீங்க சார், எங்களுக்கு இருபது நிமிஷம், இன்னும் மூணு பாக்கி இருக்கு. இங்க இருக்கற பதினோரு பேருக்கும் அதே டாக்டர்தான்."